எங்கே போகிறீர்கள் என்று கேட்காத காலை

கடந்த மாதம் விமான நிலையத்தில் இருந்த எங்கள் வாடகைக் கார்க் கவுண்டரைக் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். அது இருந்த இடத்தில் இப்போது ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று நிற்கிறது. கைத்தொலைபேசிக்கு வரும் இலக்கத்தை அதில் அழுத்தினால் ஒரு சின்னக் கதவு திறந்து கார்த் திறப்பை, அதுதான் சாவியை, தரும். அங்கே பதினாறு ஆண்டுகள் வேலை செய்த நான் ஓய்வு பெற்று ஐந்து மாதங்கள்தான் ஆகின்றன. என்னுடைய இடத்துக்கு இரும்பைத்தான் போட முடிந்தது என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். யாரும் மெச்சவில்லை.

எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்குத் தொழில் அனுபவம் எழுதித் தரும்படி ஒவ்வோர் ஆண்டும் கேட்பார்கள். நேரமில்லை என்பேன். இந்த முறை அந்தப் பதிலைச் சொல்ல வெட்கமாக இருந்தது. பழைய நாட்குறிப்புக் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். பெரும்பாலும் நேரங்களும் கார் இலக்கங்களும்தான். ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் ஆறு பக்கம் எழுதியிருக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன் இடத்தைச் சொல்ல வேண்டும்.

நான் வசிப்பது ஜேர்மனியின் தென்மேற்கு மூலையில், லொறாக் என்ற ஊரில். வேலைக்குப் போக அரை மணித்தியாலம் பிடிக்காது. அதற்குள் மூன்று நாடுகளின் பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிடலாம். அந்த விமான நிலையம் எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது என்று ஆட்கள் சொல்வார்கள். அது சரியல்ல. நிலம் முழுவதும் பிரான்சில்தான் இருக்கிறது. ஆனால் அதைப் பிரான்சும் சுவிசும் சேர்ந்து நடத்துகின்றன. கட்டடத்தில் ஒரு பக்கம் சுவிஸ் பகுதி, மற்றப் பக்கம் பிரான்ஸ் பகுதி. சுவிஸ் வாசலால் வெளியே வந்தால், இரு புறமும் வேலி அடைத்த வீதி ஒன்று உங்களைப் பிரான்சைத் தொடவிடாமல் நேரே பாசல் நகரத்துக்குக் கொண்டுபோகும். மற்ற வாசலால் வந்தால் பிரான்ஸ். அங்கிருந்து ரைன் ஆற்றைக் கடந்தால் ஜேர்மனி. எந்த வாசலால் போவது என்பது பயணியின் விருப்பம்.

இதனால் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. ஜேர்மனியில் கணினி வேலை பார்க்கும் இளம் தம்பதி விடுமுறை முடிந்து ஒரு நாள் வந்து இறங்கினார்கள். மனைவி எங்கள் கவுண்டருக்கு முன்னால் நின்று தொலைபேசியில் கத்திக்கொண்டிருந்தார்.

"நானும் எக்ஸிட்லதாங்க நிக்கிறேன்! ரெண்ட்டல் கார் கவுண்டர் முன்னாடிதான் நிக்கிறேன்! உங்களுக்குக் கண்ணு தெரியலையா?"

நான் மெதுவாகச் சொன்னேன்: "தங்கச்சி, அவர் பிரான்சிலை நிக்கிறார். நீங்கள் சுவிஸ் பக்கம் வந்திட்டீங்கள்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு தொலைபேசியில், "ஏங்க, நீங்க ஃபிரான்ஸ்ல இருக்கீங்களாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம ஃபிரான்ஸ் போயிட்டீங்க!" என்றார்.

எங்கள் நிறுவனத்துக்கு இரண்டு பக்கமும் கவுண்டர் இருந்தது. எங்கள் பக்கத்துக் கார்களுக்குச் சுவிஸ் இலக்கத் தகடு, மற்றப் பக்கத்துக் கார்களுக்குப் பிரான்ஸ் தகடு. மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு விதி ஒட்டியிருந்தது. ஜேர்மனியில் வசிப்பவருக்குச் சுவிஸ் தகட்டுக் காரைக் கொடுத்து ஜேர்மனிக்குள் அனுப்பக் கூடாது. சுவிசில் வசிப்பவருக்குப் பிரான்ஸ் தகட்டுக் காரைக் கொடுத்துச் சுவிசுக்குள் அனுப்பக் கூடாது. பிரான்சும் ஜேர்மனியும் சுங்கத்துக்கு ஒரே வீடு, சுவிஸ் தனி வீடு. சுங்கத்தின் கண்ணில் கார் என்பது சீஸ்கட்டி மாதிரி ஒரு பொருள். உங்கள் நாட்டுக்குள் மற்ற வீட்டுத் தகட்டோடு நீங்கள் ஓட்டிப் போனால், வரி இல்லாமல் பொருளைக் கொண்டுபோகிறீர்கள் என்று நிறுத்திவிடுவார்கள். ஆகவே எங்கள் தொழிலின் உயிர் ஒரே கேள்வியில் இருந்தது: எங்கே போகிறீர்கள்?

நான் அந்த வேலைக்குச் சேர்ந்தது நாற்பத்தைந்தாவது வயதில். அதற்கு முன் பன்னிரண்டு ஆண்டுகள் உணவகச் சமையலறை, பிறகு ஒரு பண்டகசாலை. கழுத்துப்பட்டி கட்டிச் செய்த முதல் வேலை இதுதான். பயிற்சி இரண்டு வாரம். அதில் நினைவிருப்பது அங்கே குடித்த கோப்பி மட்டும். உண்மையான பயிற்சி எங்கள் நிலையப் பொறுப்பாளர் திருமதி ஹூபரிடம் கிடைத்தது.

திருமதி ஹூபர் பாசலில் வசிப்பவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மேசையில் கிடக்கும் பேனையை விளிம்புக்கு நேராக்குவார். மிகவும் கோபம் வந்தால் உங்கள் பேனையையும் நேராக்குவார். காரைக் கையளிக்கும்போது இடப்பக்க முன்விளக்கில் தொடங்கி, மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாக ஒரு சுற்று. நான்கு சில்லுகளுக்கும் குந்தியிருந்து விளிம்பை விரலால் தடவ வேண்டும். கதவுகளை நேரே நின்று பார்க்கக் கூடாது. வெளிச்சம் சரிந்து விழும்படி பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும். கீறல் அப்போதுதான் தெரியும். இரண்டு பிராங் நாணயத்தை வைத்துப் பார்ப்போம். நாணயத்துக்குள் மறைந்தால் அது கீறல் அல்ல. மறையாவிட்டால் எழுத வேண்டும். வாடிக்கையாளர் அவசரப்பட்டால், "நீங்கள் அவசரப்படுகிறீர்கள். கார் அவசரப்படவில்லை" என்பார்.

சுற்று முடிந்ததும் மூன்று கேள்விகள். யார் ஓட்டுவது? எப்போது திரும்புகிறீர்கள்? கடைசியாக, ஒப்பந்தத்தில் கையெழுத்து விழும் கோட்டுக்குச் சற்று மேலே, எங்கே போகிறீர்கள்? பதில் வந்த பிறகே திறப்பு கைமாறும்.

ஜேர்மன்காரரிடமோ சுவிஸ்காரரிடமோ அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு ஒரு தயக்கமும் இருந்ததில்லை. தமிழர் வந்தால்தான் நாக்கு எழும்பாது. பெட்டியும் கையுமாகப் புறப்பட்டு நிற்கிற ஒருவரை எங்கே போகிறீர்கள் என்று கேட்பதா? போகிற காரியம் தடைப்படும் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் "தூரமோ?" என்று கேட்போம். மனமிருந்தால் அவர் மிச்சத்தைச் சொல்வார். நானும் அப்படியே செய்தேன்.

"தூரமோ அண்ணை?"

"இல்லைத் தம்பி, உதிலை லுட்சேர்னுக்குத்தான்."

"தூரமோ அக்கா?"

"ஓமடா தம்பி, ஜெனீவா மட்டும் போகோணும்."

நான்கு முறை இப்படிப் பலித்தது. ஐந்தாவது முறைதான் அந்தச் சனிக்கிழமை. என்னுடைய ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய அப்போது பதினொரு நாட்கள் இருந்தன. அதற்குள் பெரிய பிழை ஒன்று வந்தால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். எங்கள் வீட்டுச் சமையலறை நாட்காட்டியில் மனைவி வசந்தி ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டு வெட்டிக்கொண்டு வந்தார்.

காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் பிந்தி ஒரு குருக்கள் வந்தார். ஜேர்மனியின் எசன் நகரத்தில் வசிப்பவர். முதல் நாள் பெர்லினில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலை நடத்திவிட்டு, முதல் விமானத்தில் வந்து இறங்கியிருந்தார். நெற்றியில் விபூதி, மேலே தடித்த குளிர்ச்சட்டை, கையில் பெரிய பெட்டி. அன்று அவர் செய்யவிருந்த கலியாணத்து வீட்டார் இணையத்தில் எங்கள் சுவிஸ் கவுண்டரில் அவருக்குக் கார் பதிவு செய்திருந்தார்கள்.

"வாங்கோ ஐயா."

"ஆ, தமிழே! நல்லதாப் போச்சு. இந்த ஜேர்மன் கேள்வியளுக்கு மறுமொழி சொல்லிச் சொல்லியே எனக்கு மந்திரம் மறக்குது."

காரைச் சுற்றிக் காட்டினேன். யார் ஓட்டுவது என்று கேட்டேன்.

"வேறை ஆர்? நான்தான். இருபத்திரண்டு வருசமா ஓடுறன். ஒரு கீறல் இல்லை."

திரும்புவது மறுநாள் பின்னேரம் என்றார். மூன்றாவது கேள்வி வாய் வரைக்கும் வந்தது. பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, கதவில் கை வைத்தபடி, நல்ல காரியத்துக்குப் புறப்பட்டு நிற்கிறார் ஒரு குருக்கள்.

"தூரமோ ஐயா?"

"சீச்சீ. ஒரு மணித்தியால ஓட்டம். பதினொண்டு பதினாலுக்கு முகூர்த்தம் துடங்குது. பன்னிரண்டு ரெண்டோடை சரி. அதுக்குள்ளை தாலி ஏறோணும்; விட்டா இண்டைக்கு வேறை நேரமில்லை."

அங்கிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் எங்கள் ஆட்கள் கலியாணம் வைக்கும் மண்டபங்கள் நான்கு எனக்குத் தெரியும். நான்கும் சுவிசில். ஒப்பந்தத்தில் "சுவிஸ்" என்று எழுதினேன். அவர் தன் பெயர் சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்து வைத்தார். நேரம் 8.24.

9.02க்குத் தொலைபேசி அடித்தது. ஜேர்மன் எல்லையிலிருந்து ஒரு சுங்க அதிகாரி. இளம் பெண்ணின் குரல்.

"உங்களுடைய வாடிக்கையாளர் ஒருவர் இங்கே நிற்கிறார். ஜேர்மனியில் வசிப்பவர். கார் சுவிஸ் கார். ஒப்பந்தத்தில் பயணம் சுவிசுக்குள் மட்டும் என்று இருக்கிறது. அவரோ ஃபிரைபுர்க்குக்கு அங்கால் ஒரு கலியாணத்துக்குப் போகிறேன் என்கிறார். உங்களுடைய கலியாணமா என்று கேட்டேன். இல்லை, ஆனால் நான் இல்லாமல் நடக்காது என்கிறார்."

"அது உண்மைதான்" என்றேன்.

"பெட்டிக்குள் காய்ந்த புல் ஒரு கட்டு இருக்கிறது."

"அது விரலில் மோதிரமாகப் போடுவதற்கு."

மோதிரம் என்று வாய்விட்டுச் சொல்லி அவர் எழுதிக்கொண்டார். பிறகு விளக்கமாகச் சொன்னார். சாரதி ஒப்பந்தத்தில் பொய்த் தகவல் கொடுத்தாரா, இல்லையா என்பது தெளிவாகும்வரை காரும் நகராது, அவரும் நகர முடியாது. நிறுவனத்திலிருந்து ஒருவர் வர வேண்டும். அதற்குப் பிறகு குருக்களிடம் தொலைபேசியைக் கொடுத்தார்.

"தம்பி, இவை நான் பொய் சொன்னனான் எண்டு எழுதப் போகினமாம். நீங்கள் எங்கை போறியள் எண்டு கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே!"

"ஐயா, வெளிக்கிட்டு நிக்கேக்கை எங்கை எண்டு கேக்கக் கூடாதெல்லோ."

"அது வீட்டிலை, தம்பி! இது ஒஃபிஸ்!"

ஒரு குருக்களே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

இரண்டு வழி இருந்தது. அவர் சுவிஸ் என்றுதான் சொன்னார் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் என் வேலை தப்பும். அவர் பொய்காரராவார், முகூர்த்தம் போகும். இதை நான் யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். கொப்பியில் "ஏறத்தாழ ஒரு நிமிடம்" என்று எழுதியிருக்கிறேன். பிறகு எழுந்து பின்னறைக்குப் போனேன்.

திருமதி ஹூபர் ஒப்பந்தப் பிரதியை வாங்கிப் படித்தார்.

"ஹெர் நாதன், நீங்கள் இவரிடம் எங்கே போகிறார் என்று கேட்டீர்களா?"

"இல்லை."

"பிறகு எப்படி இந்தக் கட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது?"

"நானே ஊகித்து எழுதினேன்."

அவர் தன் பேனையை நேராக்கினார். என் சட்டைப் பையில் இருந்த பேனையையும் ஒரு முறை பார்த்தார். ஏன் கேட்கவில்லை என்றார். சொன்னேன். புறப்படுகிறவரை எங்கே என்று கேட்டால் பயணம் தடைப்படும் என்பது எங்கள் வழக்கம் என்றேன். ஜேர்மன் மொழியில் அதைச் சொல்லும்போது என் காதுக்கே ஒரு மாதிரி இருந்தது. அவர் சிரிக்கவில்லை.

"சரி. நீங்கள் கேட்கவில்லை. பயணம் தடையில்லாமல் போகிறதா?"

பிறகு அவர் ஒரு தாளில் கணக்குப் போல எழுதிக் காட்டினார். குருக்கள் ஐயருக்குத் தேவை பிரான்ஸ் தகட்டுக் கார். அதை எல்லைக்குக் கொண்டுபோக ஜேர்மனியில் வசிக்கும் என்னால் முடியும். ஆனால் அங்கே நிற்கும் சுவிஸ் காரைத் திருப்பிக் கொண்டுவர என்னால் ஏலாது. ஐயரை மறித்த அதே விதி என்னையும் மறிக்கும். அதற்குச் சுவிசில் வசிப்பவர் ஒருவர் வேண்டும். அந்தக் காலை எங்கள் கவுண்டரில் சுவிசில் வசித்தவர் ஒருவர்தான். திருமதி ஹூபர் தன் மேலங்கியை எடுத்தார். "10.30க்குத் திரும்புவோம்" என்று ஓர் அட்டையில் எழுதி, மேசையின் நடுவில் நிறுத்தினார். வேலை நேரத்தில் அந்தக் கவுண்டர் ஆளில்லாமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

கட்டடத்துக்குள்ளேயே நடந்து பிரான்சுக்குப் போனோம். ஒரு வெள்ளைக் காரை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து 9.34க்கு எல்லையை அடைந்தோம். சுங்க முற்றத்தில் ஐயருடைய பெட்டி ஒரு நீள மேசையில் விரித்திருந்தது. தர்ப்பை, சமித்துக் கட்டு, நெய்ப் போத்தல், மஞ்சள், ஒரு பித்தளைச் செம்பு. அந்த இளம் அதிகாரி விரலில் தர்ப்பை மோதிரத்தோடு நின்றார்.

"எப்பிடிக் கட்டிறதெண்டு கேட்டவா, காட்டினனான்" என்றார் ஐயர். "கெட்டிக்காரி. ஒருக்கால் பாத்தவுடனை பிடிச்சிட்டா."

நெய்ப் போத்தலில் எசன் கடை ஒன்றின் ஒட்டுத்தாள் இருந்தபடியால் பெட்டியைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. ஒப்பந்தம்தான் கவலை. ஒரு வெற்றுத்தாளைத் தந்தார்கள். இரண்டு வரி எழுதினேன்: "சாரதியிடம் போகும் இடம் கேட்கப்படவில்லை. சுவிஸ் என்று எழுதியது நான்." பெயர், பிறந்த தேதி, கையெழுத்து. திருமதி ஹூபர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு நாள் பதினொரு நாள் என்று என் காதுக்குள் அடித்துக்கொண்டது.

"ஏன் கேட்கவில்லை?" என்றார் அதிகாரி.

"அது எங்கள் நிலையத்துக்குள் தீர்க்கிற விடயம்" என்றார் திருமதி ஹூபர்.

ஐயரை விட்டார்கள். பெட்டியை வெள்ளைக் காரில் ஏற்றினோம். அவர் உடனே ஓடிவிடலாம் என்று நினைத்தார். திருமதி ஹூபர் இடப்பக்க முன்விளக்கில் தொடங்கினார். குந்தினார், தடவினார், எழும்பினார்.

"தம்பி, இந்த அம்மாவுக்குச் சொல்லுங்கோ, அங்கை மாப்பிள்ளை மணவறையிலை இருக்கப் போறார் எண்டு."

சொன்னேன். "மாப்பிள்ளை இருக்கிறார். கார் இன்னும் முடியவில்லை" என்றார் அவர். பின்கதவில் ஒரு கீறலைக் கண்டு நாணயத்தை வைத்தார். மறைந்தது. ஒப்பந்தத்தை முன்மூடியின் மேல் வைத்து நிரப்பினார். யார் ஓட்டுவது? எப்போது திரும்புவது? ஐயர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். அப்போதுதான் கடைசிக் கேள்வி வந்தது.

"எங்கே போகிறீர்கள்?"

ஐயர் அப்படியே நின்றார். பிறகு அந்தக் காலை வெளியே எடுத்தார். "அங்கை பாத்தியளே, கேட்டிட்டா" என்றார் என்னிடம். கேட்டால் செய்ய வேண்டிய பரிகாரம் ஒன்று உண்டு: திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். அவர் சுங்கக்காரரின் மர வாங்கில் போய் உட்கார்ந்தார்.

"இவருக்கு என்ன?" என்றார் திருமதி ஹூபர்.

"தண்ணீர் வேண்டும்."

அவர் தன் கைப்பையிலிருந்து போத்தலை எடுத்து, மூடியைத் திறந்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஐயர் அண்ணாந்து ஒரு வாய் குடித்தார். இருந்தபடியே போகும் இடத்தைச் சொன்னார். திருமதி ஹூபர் எழுதினார். ஐயர் எழும்பிப் புதிதாகப் புறப்பட்டார். 9.55. இரண்டு நிமிடம்தான் போனது. "நல்லது. இப்போது இரண்டு பேரும் ஒழுங்காகச் செய்திருக்கிறோம்" என்றார் திருமதி ஹூபர்.

திரும்பும் வழியில் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். பாசல் நகரத்துக்குள் வந்த பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கள் வழக்கப்படி பயணம் எந்தக் கணத்தில் தொடங்குகிறது?"

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. யோசித்தேன். "எழும்பிச் சாமானைக் கையில் எடுத்தால்."

"கதிரையில் உட்கார்ந்திருக்கும்போது கேட்டால்?"

"அது வெறும் கதை. குற்றமில்லை."

பன்னிரண்டு மணிக்குப் பிறகு நான் தொலைபேசியை விட்டு நகரவில்லை. 12.10க்கு ஐயரே அழைத்தார். பின்னால் மேளச் சத்தம்.

"தம்பி, பதினொண்டு நாப்பத்தொன்பதுக்குத் தாலி ஏறிட்டுது. முன்னுக்குச் சொல்ல வேண்டிய ரெண்டு மந்திரத்தைத் தாலிக்குப் பிறகு சொன்னனான். ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் மலர் கிலரிலை எழுதிப்போடாதேங்கோ!"

ஐயா இப்போது கனடாவில் இருக்கிறார். மன்னித்துக்கொள்வார்.

மாலை நான்கு மணிக்குத் திருமதி ஹூபர் என்னைப் பின்னறைக்கு அழைத்தார். தலைமை அலுவலகத்துக்கான அறிக்கையை எழுதி முடித்திருந்தார். எனக்கு வாசித்துக் காட்டினார். ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்கவில்லை, ஊகித்து எழுதினார், கவுண்டர் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆளில்லாமல் இருந்தது, எல்லாம் இருந்தது. கடைசியில் இரண்டு கோரிக்கைகள். ஒப்பந்தத் தாளில் போகும் இடம் பற்றிய கேள்வி முதலாவதாக வர வேண்டும். கவுண்டருக்கு முன்னால் இரண்டு கதிரைகள் வேண்டும். வாடிக்கையாளர் இருந்தபடி பதில் சொல்ல வேண்டும்.

"என்னைப் பற்றி?" என்றேன்.

"உங்களைப் பற்றி எழுத இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. ஆனால் நான் இன்றைக்கே எழுதிவிட்டேன்." இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினார். நிரந்தர நியமனத்துக்கான சிபாரிசு. "ஹெர் நாதன், உங்களிடம் ஒரு பிழை இருக்கிறது. அது என்ன என்று இப்போது எனக்குத் தெரியும். புதிதாக ஒருவரை எடுத்தால் நான் முதலிலிருந்து தேட வேண்டும்."

வீட்டுக்குப் போனபோது வசந்தி அடுப்படியில் நின்றார்.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு? வேலை இருக்கோ?"

"இருக்கு. நிரந்தரமாக்கிறாவாம்." நடந்ததை முழுவதும் சொன்னேன். கடைசியில், கொஞ்சம் பெருமையாகத்தான், திருமதி ஹூபர் சொன்னதையும் சொன்னேன். "என்னட்டை ஒரு பிழைதான் இருக்காம். அதையும் தான் கண்டுபிடிச்சிட்டாவாம்."

வசந்தி அகப்பையை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஆறு மாசத்திலை ஒண்டுதானோ? அந்த மனிசியின்ரை நம்பரைத் தாங்கோ பாப்பம்."